அழாத பிள்ளையின் கழுத்தை அளந்தார்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன். மேலே சிலுவைக்குறி போட்டு "ஸ்தோத்திரம்" என்று எழுதுவேன். அதற்கப்புறம் கை ஓடாது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள்தான், ஆனால் அதற்காகத் தயங்கவில்லை. இந்த விஷயத்தை வாயால் சொன்னபோதெல்லாம் அது அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வேறு விஷயமாகிவிட்டது. எழுதி வைத்தால் இன்னும் எப்படியெல்லாம் ஆகுமோ என்று பயந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது என் மகள்தான் சொன்னாள், "எழுதும்மா. என் கழுத்துதானே? நானே சொல்றேன், எழுது" என்று. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மாரிகுப்பத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸில், அதாவது கோலார் தங்கச் சுரங்கத்தில், அண்டர்கிரவுண்டு வேலை. பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற கோஷ்டியில் இருந்தார். எனக்குப் பிள்ளை பிறந்த வருஷம் அந்தக் கோஷ்டிக்கு நைட் ஷிப்டே வாய்த்துக்கொண்டிருந்தது. காலையில் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் மேலே வந்து, வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்தார் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எழுந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்ப வேண்டும்.

கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு கை இடைவெளி இருக்கும். முதல் வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் "தண்ணி குடிங்க" என்பார்கள். அதனால் லைனில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நைட் ஷிப்டு முடித்து வந்தவர் குளித்த ஈரத்துண்டை வாசல் தாழ்ப்பாளில் தொங்கவிட்டால், உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்தத் துண்டைப் பார்த்தால் கீரைக்காரி குரல் கொடுக்க மாட்டாள். பொம்பளைங்கள் குழாயடியில் குடத்தை மெதுவாக வைப்பார்கள். குழந்தை அழுதால், யார் பெற்ற குழந்தையாக இருந்தாலும், யாராவது ஒருத்தர் தூக்கிக்கொண்டு லைன் கோடிக்குப் போய்விடுவார்கள். கீழே இறங்குகிறவர் தூக்கம் கெட்டு இறங்கக் கூடாது. அங்கே ஒரு கண் அசந்தால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்ப்பார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் இங்கேயே டவுன் ஆஸ்பத்திரியில் பெற்றேன். பெண் குழந்தை. நல்ல எடை, தலை நிறைய முடி. வீட்டுக்கு எடுத்து வந்தபின்தான் தெரிந்தது, அது அழவே இல்லை.

எப்போதாவது அழும். அதுவும் தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம், உடனே நின்றுவிடும். பாலுக்கு அழாது, ஈரத்துக்கு அழாது. நான்தான் பாதத்தைச் சுண்டி எழுப்பிப் பால் கொடுப்பேன். குடிக்கும்போதே தூங்கிவிடும். உடம்பில் மஞ்சள் லேசாக நின்றுகொண்டே இருந்தது. தொட்டால் கைகால் சில்லென்று இருக்கும். வெளிக்குப் போக நாலைந்து நாள் ஆகும். இவ்வளவும் என் கண்ணெதிரே நடந்தது. ஆனால் லைனே கூடி அந்தப் பிள்ளையை மெச்சியது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி எனக்குத் தாய்க்குத் தாயாக இருந்தாள். எங்கள் சபைதான். மூன்று ஆம்பளைப் பிள்ளை பெற்று, மூன்றையும் லைன் கோடிக்குத் தூக்கித் தூக்கியே இடுப்பு போனவள். தினம் வந்து பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"குடுத்து வெச்சவடி நீ. நைட் ஷிப்டுக்காரன் வூட்டுக்குன்னே பொறந்திருக்குது இது."

"மஞ்சள் போகலியே அக்கா?"

"காலை வெயில்ல காட்டு, போயிடும். எம் பசங்க மூணும் இன்னா கத்து கத்துனானுங்க! மைன்ஸ் சங்கு ஊதறதா, என் புள்ள அழறதான்னு தெரியாம ஒருத்தன் ஷிப்டுக்கே கெளம்பிட்டான்."

நானும் ஜெபத்தில் நன்றி சொன்னேன். புருஷனுக்கும் தூக்கம் கெடாமல், அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவில்லாமல் ஒரு பிள்ளையைக் கொடுத்தீரே என்று.

ஆனால் பகலெல்லாம் அந்த வீட்டில் இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். கதவு சாத்தியிருக்கும், துண்டு தொங்கும். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் தாளிக்காமல் சமைப்பேன், கடுகு வெடிக்கும் என்று. பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கும். யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது. சில நாள் சாயங்காலம் அவர் எழுந்து "இன்னாமே?" என்று கேட்டால், பதில் சொல்ல என் தொண்டை திறக்காது, காலையிலிருந்து பேசாததால். பிள்ளையின் மார்பில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே தட்டும். ஆனால் மெதுவாகத் தட்டும். அழு கண்ணே, ஒரு தடவை அழு, நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு லைன் கோடி வரைக்கும் போகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறேன். அது எனக்குத் துணை வேண்டிக் கேட்டதுதான். நோய் என்று எனக்குத் தோன்றவில்லை.

தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன நாள். வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா ஒரு ஸ்கேன் மெஷினோடு வந்திருந்தார்கள். பிறந்த குழந்தைகளின் கழுத்தில் இருக்கிற தைராய்டு என்கிற சுரப்பியை அளக்கிறார்கள் என்றார் நர்ஸம்மா. வலி கிடையாது, ஊசி கிடையாது, ஆனால் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும். தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து ஒரே கூச்சல். நர்ஸம்மா வெளியே வந்து எல்லா மடியையும் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"இது இன்னா, தங்கம் மாதிரி படுத்துனு கீது! எழுந்து வாம்மா. டாக்டரம்மாவுக்குக் காலையிலேர்ந்து காது போயிடுச்சு."

எனக்குப் பெருமை. லைனில் கேட்ட மெச்சுதல் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிறதே என்று எழுந்து போனேன்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழும் பேசினார்கள். பிள்ளையின் தோளுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார்கள். கழுத்து நீண்டு தெரிந்தது. தடவுகிற ஜெல்லு சில்லென்று இருக்கும் என்று பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்திருந்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்தது.

"இன்னாத்துக்கும்மா அளக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சாதாரணமா எவ்ளோ இருக்கும்னு தெரிஞ்சாத்தான், ஒருத்தருக்குப் பெருசா இருக்கு, சின்னதா இருக்குன்னு சொல்ல முடியும். நீளம், அகலம், கனம், மூணும் பார்ப்போம்."

"டைலர் கிட்ட குடுக்கற அளவு ஜாக்கெட்டு மாதிரிங்களா?"

சிரித்துவிட்டார்கள். "அதேதான்மா. இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஒரு அளவு ஜாக்கெட்டு." ஒரு பக்கத்துக்கு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும், நடுவில் மூச்சுக்குழாய், அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பேசிக்கொண்டே கழுத்தில் அந்தக் கருவியை வைத்தார்கள்.

திரையை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

கருவியை இடது பக்கம் நகர்த்தினார்கள், வலது பக்கம் நகர்த்தினார்கள். மறுபடி ஜெல்லு வைத்தார்கள். மேலே தாடை வரைக்கும் போனார்கள். திரையில் எனக்குச் சாம்பல் பூசின மாதிரிதான் தெரிந்தது, மைன்ஸ் கழிவு மண்ணைக் கொட்டின நம்ம சயனைடு மேட்டில் காற்றடித்தால் வருமே, அந்த மாதிரி. என் பிள்ளை அப்படியே கிடந்தது. இவ்வளவு நேரம் எந்தப் பிள்ளையும் படுத்திருக்காது.

"பாலுக்கு அழுவுதா?"

"இல்லம்மா. நான்தான் எழுப்பணும். ரொம்ப சமத்து."

இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார்கள். நாக்கு தடித்து வெளியே நின்றது. அதைப் பார்த்து "பழிப்புக் காட்டுது" என்று நாங்கள் கொஞ்சுவோம். வயிற்றைத் தடவி, பிதுங்கின தொப்புளை அழுத்தி, காலைத் தொட்டார்கள். அப்புறம் என்னை உட்காரச் சொன்னார்கள்.

"எவ்ளோ பெருசு இருக்குதும்மா?" என்று நானே கேட்டேன்.

"அளக்க ஒன்னுமில்லம்மா. இருக்க வேண்டிய இடத்துல சுரப்பியே இல்ல."

வயிற்றிலிருந்தபோதே உருவாகாமல் போயிருக்கிறது, சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், ஏன் என்று எனக்கும் தெரியாது, நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இல்லை என்றார்கள். அந்தச் சுரப்பியிலிருந்து வருகிற சத்து இல்லாவிட்டால் மூளை வளராது. இன்னும் சில மாசம் போயிருந்தால், அப்புறம் எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதற்குக்கூட என் மகள் லேசாக முனகினாள், அவ்வளவுதான். நான் அழுதேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு "ஹெதர்பேடி, ஹெதர்பேடி" என்றார்கள். பயப்படாதீங்க என்று அவர்கள் பாஷை.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஒரு சின்ன மாத்திரை. தினமும் காலையில் இரண்டு ஸ்பூனுக்கு நடுவே நசுக்கி, தாய்ப்பாலில் கரைத்துப் புகட்ட வேண்டும்.

"எது வரைக்கும்மா?"

"நீங்க காலைல பல்லு விளக்கறது எது வரைக்கும்?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"இதுவும் அப்படித்தான். உடனே ஆரம்பிச்சுட்டோம், நல்லா வரும்னு நம்பறேன். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஒரு நாள் விடாதீங்க."

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்து குளித்துவிட்டு நின்றார். சொன்னேன். துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்னுமே இல்லன்னா? தோண்டினு போய்ப் பார்த்தா தங்கம் ஓடற ரீஃபே இல்லாத மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

பிள்ளையைப் போய்ப் பார்த்தார். வழக்கம்போல அது தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தைத் தட்டினார், கண் திறக்கவில்லை. நான் கையை நீட்டினேன், துண்டை வாங்கி வாசலில் போட. கொடுக்கவில்லை.

"இனிமே இத வெளிய போடாதே. உள்ளயே காயட்டும். சத்தம் வந்தா வரட்டும். அது அழுதா அழட்டும்."

"உங்களுக்குத் தூக்கம்?"

"பார்த்துக்கலாம்மே."

அன்றிலிருந்து எங்கள் வாசலில் துண்டு இல்லை. லைனுக்குப் புரியவில்லை. இவனுக்கு ஷிப்டு மாறிவிட்டதா என்று கேட்டார்கள். கீரைக்காரி வாசலிலேயே நின்று கூவினாள். பசங்கள் கோலி ஆடினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே சத்தத்துக்காகத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவர் சுவரைப் பார்த்துக் கிடப்பார், நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒவ்வொருத்தரும் ஒண்டியாக இருந்தோம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம். கீரைக்காரி வாசலில் நின்று "அரைக்கீரேய்ய்" என்று ஒரு கூவல் கூவினாள். பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டது. முகம் சிவந்தது. வாயைத் திறந்தது. அப்புறம் கத்தியது பாருங்கள், தகரம் அதிர்ந்தது.

வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாரு அழுவறது?"

"நம்ம பாப்பாதான்."

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். "இன்னாடி பார்த்துனு நிக்கிற! தூக்கினு கோடிக்குப் போ, மனுஷன் தூங்கறாரு இல்ல!"

"வுடுங்கக்கா," என்றார் இவர். "இப்பதான் ஆரம்பிச்சிருக்குது."

அக்கா ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் என் பிள்ளைக்காக உபவாசம் இருந்தவள். இதை நான் மறைக்கக் கூடாது.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்கிற நேரம். அக்கா எழுந்து நின்றாள். "அந்தப் புள்ளைக்குக் கழுத்துல சுரப்பியே இல்ல. நாம ஜெபம் பண்ணோம். இல்லாத எடத்துல கர்த்தர் ஒன்ன வெச்சாரு. இப்ப அழுவுது!" என்றாள். சபை முழுக்க அல்லேலூயா. பிள்ளை என் மடியில் கத்திக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அந்தச் சாட்சி லைன் லைனாக, சபை சபையாகப் போய்விட்டது. எனக்குத் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து "சுரப்பி வளர்ந்த புள்ளையோட அம்மாதானே?" என்று கேட்டார்கள்.

பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. நான் தினமும் காலையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மைன்ஸை மூடினார்கள். சங்கு நின்றது. வீட்டுக்காரர் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். திங்கட்கிழமை விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் சனிக்கிழமைதான் வருவார். லைனில் பாதி வீடு ஆள் இல்லாமல் கிடந்தது. அந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது.

ஜெபக்கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள், "சுரப்பிதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" இன்னொருத்தி, "அது விசுவாசம் இல்லாததக் காட்டுது" என்றாள். அக்காவும் ஒரு நாள் காலையில் என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி. கர்த்தர் குடுத்தத நீ நம்பலன்னா எடுத்துடுவாரு."

அதட்டலாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீரோடு சொன்னாள். அவள் பொய் சொல்கிறவளே இல்லை. எனக்கோ கேட்க ஆளில்லை. புருஷன் ஊரில் இல்லை. ஜெபித்தேன். பதில் வந்ததா என்றால், எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இருக்கிறதா இல்லையா என்பதை அளந்து பார்த்துவிடலாமே.

"அக்கா, நீயும் கூட வா. அந்த டாக்டரம்மா இன்னும் மாசத்துக்கு ஒரு தரம் வராங்க. நீயே கண்ணால பாரு," என்றேன். ஸ்பூனை விட்டாள். அன்றைய மாத்திரையைக் கொடுத்தேன்.

போனோம். அதே மேஜை, அதே சுருட்டின துண்டு. ஆனால் என் மகளைப் படுக்க வைப்பதற்குள் நர்ஸம்மாவுக்கு வேர்த்துவிட்டது. கருவியைக் கழுத்தில் வைத்ததும், "கூசுது! பேடா! வுடு!" என்று தமிழும் கன்னடமுமாகக் கத்தி, ஜெல்லுப் பாட்டிலை உதைத்துக் கீழே தள்ளினாள்.

"அசையாம படுத்திருந்த பிள்ளை இதுவாம்மா?" என்றார்கள் டாக்டரம்மா. அவள் சிரித்து மூச்சு வாங்கின இடைவெளியில் பார்த்து முடித்தார்கள். திரையை அக்கா பக்கம் திருப்பி, "இது மூச்சுக்குழாய். இது ரத்தக்குழாய். நடுவுல இங்க இருக்கணும். இல்ல" என்று பொறுமையாகக் காட்டினார்கள்.

அக்கா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"அப்போ நாங்க அழுது ஜெபிச்சதெல்லாம்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். "இப்ப ஓடுற பிள்ளை மெதுவாயிடும். கொஞ்சம் கொஞ்சமா எல்லாமே மெதுவாயிடும்" என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சிக்கு எழுந்து நின்றேன். அதுவரை சபையில் வாய் திறந்ததில்லை. "என் பிள்ளைக்குச் சுரப்பி வரவில்லை. இன்றைக்கும் இல்லை. தினம் காலையில் மாத்திரை கொடுக்கிறேன், அதனால்தான் ஓடுகிறாள். அழாத பிள்ளையை நாமெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தபோது, அளந்து பார்க்க ஒரு டாக்டரம்மாவைக் கர்த்தர் எங்கள் ஊருக்கு அனுப்பினார். எனக்குக் கிடைத்த கிருபை அதுதான்" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா அடுத்த பாட்டைச் சொன்னார்.

அதற்கப்புறம் வெகு காலம் என்னோடு யாரும் அதிகம் பேசவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அக்கா குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெங்களூரில், லைன் காலி, சங்கு இல்லை. அந்தப் பழைய பகல்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், வீட்டுக்குள் என் மகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஸ்பூனை வைத்து மாத்திரை நசுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே அந்தக் கை இடைவெளியிலிருந்து குரல் வந்தது.

"குடுத்தியாடி?"

"குடுத்துனு கீறேன் அக்கா" என்றேன்.

"சரி."

அவ்வளவுதான் பேசினாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் கேட்டாள், மகன்களோடு வேலூர்ப் பக்கம் குடிபோகிற வரைக்கும். இப்போது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. வீட்டுக்காரரும் கர்த்தரிடம் போய்விட்டார். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். தன் மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறாள். காலையில் அடுப்படியில் நிற்கும்போது மட்டும் என் காது இன்னும் மேலே போகிறது.

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள், அல்லது இந்தத் தாளையே கொடுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். சுரப்பி வளர்ந்தது என்று சேர்க்க வேண்டாம். ஜெபித்தோம் என்பதை விட்டுவிடவும் வேண்டாம். மாத்திரை என்று வருகிற இடத்தில் மாத்திரை என்றே சொல்லுங்கள். எங்கேயோ ஒரு தாய் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு இது மாறாமல் போய்ச் சேர வேண்டும்.